நிரந்தரக் குடி இருப்பு

வாங்க தம்பி, இப்படிப் பக்கத்துல வந்து உக்காருங்க. அங்க இல்ல, இங்க. அந்த நாற்காலிக்கு ஃபேன் காத்து வராது. அதுவும் போக, பஸ் உள்ள திரும்புறப்ப அடிக்கிற ஹாரன்ல நான் பேசுறது உங்களுக்குக் கேக்காது. பையைக் கீழ வைங்க. கையில டம்ளர் ஏதும் கொண்டு வரலையே? அப்ப சரி. நீங்க ரூம் கேட்டு வந்தவரு.

ரூம் இல்ல தம்பி. அட, எந்திரிக்காதீங்க! ரூம் இல்லேன்னுதான் சொன்னேன், உக்கார இடம் இல்லேன்னா சொன்னேன்? உங்க பஸ்ஸுக்கு நேரம் கிடக்கு. இந்தா டீ வருது.

தினம் ஒருத்தராச்சும் இப்படி வந்துடுறாங்க, பழைய ஞாபகத்துல. “கஸ்தூரி லாட்ஜ்ல ஒரு சிங்கிள் ரூம் போடுங்க மேனேஜர்”னு. நான்தான் மேனேஜர். பேரு சௌந்தரபாண்டி. பேரைச் சொன்னா ஒருத்தனுக்கும் தெரியாது, மேனேஜர்னு சொன்னா திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுல பூ விக்கிற பொம்பளைக்குக்கூடத் தெரியும். படிப்பு அஞ்சாங்கிளாஸோட சரி. ஆனா காது இருக்கே, அது நல்ல காது. மாடிப்படியில செருப்புச் சத்தத்தை வச்சே சொல்லிடுவேன், வர்றவன் நாகர்கோயில்காரனா, சேலத்துக்காரனா, பொண்டாட்டிகிட்டச் சண்டை போட்டுட்டு வந்தவனான்னு.

இப்ப நீங்க உக்காந்திருக்கீங்க பாருங்க, அதுக்கு அங்கிட்டு, அடுப்பு எரியுதே, அங்கதான் கவுண்டர் இருந்துச்சு. தேக்கு. அதுக்குப் பின்னாடி ஒரு பெஞ்சு, பெஞ்சுக்கடியில என் தகரப்பெட்டி, சுவத்துல ஒரு ஆணியில என் சட்டை, இன்னொரு ஆணியில மூஞ்சி பாக்கிற கண்ணாடி. அம்புட்டுதான். வேலைக்குச் சேந்த அன்னிக்கு ஓனர் சொன்னாரு, “இன்னிக்கி இங்கனயே படுத்துக்கப்பா.” படுத்தேன். அதுக்கப்புறம் எந்திரிச்சுப் போன்னு யாரும் சொல்லல, நானும் கேட்டுக்கல. கல்யாணம் காச்சி ஒண்ணும் ஆகல. ஊர்ல இருந்த வீடு தங்கச்சிக்குப் போச்சு. ஆனா ஒண்ணு தம்பி, எனக்கு வீடு இல்லேன்னு மட்டும் நினைச்சுப்புடாதீங்க. இம்புட்டுப் பெரிய லாட்ஜே என் கையில இருக்கு, தனியா ஒரு வீடு எதுக்குங்கிறேன்?

சரி, மூக்காயியைப் பத்திச் சொல்லணும். அவ இல்லாம இந்தக் கதை இல்ல. நான் இல்லாமலும் இல்ல, ஆனா அதை அவ சொல்ல மாட்டா.

மூக்காயி நம்ம லாட்ஜ் வாசப்படியில கிடந்தவ. புருசன் செத்ததும் வாடகை வீட்டைக் காலி பண்ணச் சொல்லிட்டாய்ங்களாம். பகல்ல மார்க்கெட்டுல சின்ன வெங்காயம் உரிப்பா, பொழுது சாஞ்சா நம்ம படிக்கு வந்துடுவா. அகலமான படி, மேல சன்ஷேடு, சாரல் அடிக்காது. விடியக்காலம் நான் வாளியில தண்ணியோட வருவேன். “எந்திரி எந்திரி, வாசல் தெளிக்கணும்”பேன். எந்திரிச்சா சரி. எந்திரிக்கலேன்னா தெளிச்சுடுவேன். வருசக்கணக்கா, ஒரு நாள் தவறுனதில்ல. கஸ்டமர் ஏறி வர்ற இடம், சுத்தமா இருக்க வேண்டாமா? அவளும் கோவிச்சுக்கிட்டதே இல்ல. முந்தானையால மூஞ்சியைத் துடைச்சுக்கிட்டு, “மேனேஜரே, இன்னிக்கித் தண்ணி நல்லாக் குளுகுளுன்னு இருக்கு”ம்பா. தங்கமான மனுசி. நான் அவளைக் குளிப்பாட்டியே வச்சிருந்தேன்னு வைங்களேன்.

பெரிய ஓனர் காலமானாரு. மகன் வெளிநாட்டுல. அவரு லாட்ஜை ஒரு டிரஸ்டுக்கு வித்துட்டாரு. டிரஸ்டுலேர்ந்து பெனிட்டா மேடம் வந்தாங்க. சின்ன உருவம், பெரிய மூக்குக்கண்ணாடி, நடக்கிறதே ஓட்டந்தான். வந்த உடனே கவுண்டர் மேல ரெண்டு கையையும் ஊணிக்கிட்டுச் சொன்னாங்க.

“அண்ணே, இனிமே இது லாட்ஜ் இல்ல. வீடு. ரோட்டுல படுத்திருக்காங்கள்ல, அவங்களுக்கு ஆளுக்கொரு வீடு.”

“நல்ல காரியம் மேடம். எத்தனை நாளைக்கு?”

“நிரந்தரமா.”

“நிரந்தரம்னா? ஒரு மாசம்?”

“அவங்க இருக்கிற வரைக்கும் அண்ணே. சாகுற வரைக்கும்.”

“செக் அவுட்?”

“கிடையாது.”

எனக்குத் தலை கிர்ருன்னு வந்துருச்சு. ரூமுன்னா காலியாகணும்ல? காலியாகாத ரூமை எப்பக் கூட்டுறது, எப்பப் பெட்ஷீட் மாத்துறது? மேடம் விடல. “வெறும் ரூமைக் கொடுத்துட்டு நாங்க போயிட மாட்டோம் அண்ணே. வாரா வாரம் நர்ஸ் வருவாங்க. ஆஸ்பத்திரிக்குப் போனா கூட ஆள் போகும். ஆதார், ரேஷன் கார்டு, பென்ஷன்னு எல்லாத்துக்கும் கூட நிப்போம். குடிக்கிற ஆளுன்னாலும் பரவாயில்ல. முதல்ல நிறுத்திட்டு வான்னு சொல்ல மாட்டோம். முதல்ல வீடு, மத்ததெல்லாம் அப்புறம்.”

நான் தலையைத் தலையை ஆட்டினேன். அப்புறம் மேடம் கவுண்டரைத் தட்டிக் காமிச்சு, “இதை எடுத்துட்டு இங்க பொதுச் சமையல்கட்டு கட்டப் போறோம்”னாங்க.

“கவுண்டர் இல்லாம மேனேஜரா மேடம்?”

“நீங்க இல்லாமலா அண்ணே? பகல்ல வந்து எல்லாத்தையும் பாத்துக்கங்க. சம்பளம் அதேதான். உங்க வீடு எங்க?”

“பக்கத்துலதான் மேடம்.”

பொய்யா தம்பி? சொல்லுங்க. அந்தம்மா நின்ன இடத்துலேர்ந்து என் பெஞ்சு கை எட்டுற தூரம்.

ஆனா அன்னையிலேர்ந்து அந்தப் பெஞ்சு உறுத்த ஆரம்பிச்சுருச்சு. ரோட்டுல கிடக்கிறவங்களுக்குத்தான் ரூமு. நான் என்ன ரோட்டுலயா கிடக்கேன்? நான் மேனேஜர். எனக்கும் ஒரு ரூமைக் கொடுங்கன்னு எந்த வாயால கேக்கிறது? வீடு பக்கத்துலதான்னு வேற சொல்லியாச்சு. சரி, கவுண்டரை எடுக்கிற அன்னிக்குப் பாத்துக்கலாம்னு விட்டுட்டேன்.

மொதல்ல குடிவந்தது மூக்காயி. கீழ் வரிசையில ரெண்டாம் நம்பர், முழங்கால் வலிக்கு மாடி ஏற முடியாதுன்னு. பக்கத்து ரூமு தலகாணி, பெட்ஷீட்டெல்லாம் போட்டு வைக்கிற ரூமு. அதுக்குள்ள எட்டிப் பாத்துட்டு, “தலகாணிக்கெல்லாம் தனி ரூமா மேனேஜரே? அதுகளுக்கும் ஆளில்லையா?”ன்னு கேட்டா. எப்பவும் இப்படித்தான், விளையாட்டுப் பேச்சு. அவளுக்குப் பின்னாடி சலீம் பாய் வந்தாரு. கல்யாண வீட்டுல பிரியாணி போட்டவரு, கண்ணு மங்கிப்போயி பள்ளிவாசல் பக்கம் உக்காந்திருந்தவரு. அப்புறம் ஒவ்வொருத்தரா வந்து அன்னிக்கே மாடி பாதி நிறைஞ்சுருச்சு. ஆளுக்கொரு பூட்டு, எங்க ஊருப் பூட்டு, கனம்னா கனம்.

மறுநாள் காலையில என்ன பண்ணேன் தெரியுமா? பழக்கம் தம்பி. செக் அவுட் நேரம் வந்ததும் காலு தானா மாடி ஏறிருச்சு, கை தானா கதவைத் தட்டிருச்சு. “டைம் ஆச்சு சார், டைம் ஆச்சு.” அவ்வளவுதான். ஒருத்தர் ஒரு வார்த்தை கேக்கணுமே! அம்புட்டுப் பேரும் மூட்டையக் கட்டி, படியிறங்கி, வரிசையா வந்து கவுண்டர்ல சாவியை வச்சுட்டாங்க. சலீம் பாய், “ஒரு நாளாச்சும் கெடைச்சுதே, அல்லா உங்களை நல்லா வச்சிருக்கட்டும்”னு என் கையைப் புடிக்கிறாரு. பெனிட்டா மேடம் உள்ள நுழைஞ்சாங்க, பாத்தாங்க, “ஐயோ அண்ணே!”ன்னாங்க பாருங்க, பஸ் ஸ்டாண்டுல புறா பறந்துருச்சு. மூக்காயி மட்டும் இறங்கல. கதவைத் திறக்காம உள்ளயிருந்தே சத்தம் போட்டா. “காலி பண்ண முடியாதுய்யா! இந்த வாட்டி முடியாது! தண்ணி வேணா கொண்டாந்து ஊத்து!” அதைக் கேட்டுட்டு எல்லாரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்தாங்க. ஒவ்வொருத்தரா சாவியை எடுத்துக்கிட்டு மறுபடி மேல ஏறிட்டாங்க.

இதெல்லாம் சின்ன விசயம். பெருசு போர்டுலதான் வந்துச்சு.

வெள்ளிக்கிழமை திறப்பு விழா. போர்டு எழுதணும். மேடம் ஒரு துண்டுச் சீட்டுல எழுதிக் கொடுத்து, “நீங்க நின்னு பாத்துக்கங்க அண்ணே”ன்னுட்டு வேற வேலைக்கு ஓடிட்டாங்க. நின்னேன். பெயிண்டர் துரைக்கண்ணு ஏணி மேல ஏறினான். பழைய லாட்ஜ் போர்டுதான், மேல வெள்ளையடிச்சு எழுதுறது. நடுவுல ஒரு லைட்டுக் கம்பி நீட்டிக்கிட்டிருக்கும்.

“அண்ணே, எழுத்து வந்து கம்பியில முட்டுதே, என்ன செய்ய?”

நான் கீழ நின்னு ஒரு கண்ணை மூடிப் பாத்தேன். “அங்கிட்டுக் கொஞ்சம், இங்கிட்டுக் கொஞ்சம் எழுதுடா. நடுவுல நல்லா இடம் விடு. அப்பதான் அம்சமா இருக்கும்.”

அம்சமாத்தான் இருந்துச்சு. இன்னிக்கும் சொல்றேன், அந்த போர்டுல ஒரு குத்தம் கிடையாது. மேல கஸ்தூரி இல்லம். கீழ கம்பிக்கு அங்கிட்டு ‘நிரந்தரக் குடி’. கம்பிக்கு இங்கிட்டு ‘இருப்பு’. அடியில செகப்பு எழுத்துல ‘வெள்ளிக்கிழமை திறப்பு விழா. அனைவரும் வருக.’

நீங்க சிரிக்கிறீங்க. இருங்க, இன்னும் இருக்கு.

பெயிண்டு காயலை, ஒரு பெரியவரு வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு வந்தாரு, கூட ரெண்டு பேரு. போர்டைப் பாக்கிறாரு, என்னைப் பாக்கிறாரு, கும்புடுறாரு.

“ஐயா, நெசமாவே நிரந்தரமாங்க?”

“நிரந்தரந்தான். சாகுற வரைக்கும்.”

“இங்க யாருக்கெல்லாம் இடம்?”

“ரோட்டுல விழுந்து கிடக்கிறவங்களுக்குத்தான் முன்னுரிமை.”

பெரியவருக்குக் கண்ணு கலங்கிருச்சு. கூட வந்தவன், “அண்ணே, ஒன்னைத்தான் சொல்றாரு”ங்கிறான்.

“நேரங்காலம் ஏதும் உண்டுங்களா?”

“அதெல்லாம் இல்ல. சாவியே அவங்கவங்க கையில.”

“சாவியே கையிலயா! உள்ளயே படுத்துக்கலாமா?”

“பின்ன? இனிமே ஒருத்தன் வந்து எந்திரின்னு சொல்ல முடியாது. சமையல்கட்டும் வருது. வாரா வாரம் நர்ஸ் வந்து உடம்பைப் பாப்பாங்க.”

“பாத்தியாடா,” பெரியவரு துண்டால கண்ணைத் துடைச்சுக்கிட்டாரு. “நம்மளப் பத்தி இம்புட்டு நாளு ஒருத்தன் இப்படி யோசிச்சிருக்கானாடா?”

எனக்கு நெஞ்சு விம்மிருச்சு தம்பி. ஏழை எளியவங்க மேல ஜனங்களுக்கு எம்புட்டு அக்கறைன்னு நினைச்சேன். அன்னிக்குப் பூரா இதே மாதிரி ஆளு வந்துக்கிட்டே இருந்தாய்ங்க. ஒருத்தன் விடாம எல்லாருக்கும் பதில் சொன்னேன். சிலர் முன்கூட்டியே நன்றி சொல்லிட்டுப் போனாங்க.

வியாழக்கிழமை காலையில ஆளுங்க வந்து கவுண்டரைப் பிரிச்சாங்க. தேக்கு, ஆணியைப் புடுங்கப் புடுங்கக் கத்துச்சு. பெஞ்சைத் தூக்கித் தெருவுல வச்சாச்சு. என் தகரப்பெட்டி நடையில தனியா நிக்குது. “இது யாரு பெட்டி?”ன்னு மேடம் கேட்டாங்க. “என்னுதுதான் மேடம், சாயந்தரம் வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிடுவேன்”னேன். மூக்காயி ரெண்டாம் நம்பர் வாசல்ல உக்காந்து வெங்காயம் உரிச்சுக்கிட்டிருந்தா. பெட்டியைப் பாத்தா, என்னைப் பாத்தா. கண்ணுல தண்ணி. வெங்காயம்.

சாயந்தரம் எங்க போறதுன்னு நான் யோசிச்சுக்கிட்டிருக்கேன், தெருக் கோடியில ஒரே கூச்சல். பாத்தா, பொம்பளைங்க. கையில விளக்குமாறு, முறம். முன்னால தனபாக்கியம், சந்துல இட்லிக்கடை வச்சிருக்கிறவ, மகளிர் குழுத் தலைவி. புருசனைக் குடிக்குப் பறிகொடுத்தவ. அவ வந்தா காத்து வழி விடும்.

“மூடு! மூடு! குடி இருப்பை மூடு!”

பெனிட்டா மேடம் ஓடிப்போயி கும்புட்டாங்க. “அம்மா, தப்பாப் புரிஞ்சுக்கிட்டீங்க. இது குடியிருப்பு.”

“அதத்தானம்மா நாங்களும் சொல்றோம்! குடி இருப்பு! போர்டுலயே போட்டிருக்கு, நிரந்தரமா வேற!”

“இல்லம்மா, இங்க குடிக்கிறவங்களுக்கும் இடம் உண்டுதான், ஆனா...”

“கேட்டீங்களாடி! வாயாலயே சொல்றா!”

முறத்துல அடிச்ச அடியில எனக்குக் காது அடைச்சுருச்சு. தனபாக்கியம் இடுப்புல கையை வச்சுச் சொல்லிட்டா, “இந்தக் கட்டடத்துக்குச் சீல் வைக்க மனு எழுதியாச்சு. வச்சுப் பூட்டாம நாங்க சோறு திங்க மாட்டோம்.” மேடம் மூக்குக்கண்ணாடியைக் கழட்டிட்டாங்க. மாடியில எட்டிப் பாத்த தலையெல்லாம் உள்ள போயிருச்சு. என்ன நடக்குதுன்னு எனக்குக் காது சொல்லுது, மூட்டை கட்டுற சத்தம். சலீம் பாய் சாவியைக் கையில எடுத்துக்கிட்டுப் படியிறங்குறாரு. சரி, எல்லாம் முடிஞ்சு போச்சு, எனக்கும் அவங்களுக்கும் இனிமே ஒரே விலாசந்தான்னு நினைச்சேன். அதாவது, அவங்களுக்குன்னு வைங்க.

அப்பத்தான் மூக்காயி என் கையிலேர்ந்த விளக்குமாத்தைப் புடுங்கினா. பின்வாசல் வழியாப் போனா. அடுத்து நான் பாக்கிறப்ப கூட்டத்துல கடைசி வரிசையில நிக்கிறா. அப்புறம் நடு வரிசை. அப்புறம் தனபாக்கியத்துக்குப் பக்கத்துல! “மூடு மூடு!”ன்னு அவ போட்ட சத்தத்துல தனபாக்கியம் சத்தமே அமுங்கிப் போச்சு. அடிப்பாவி, திங்கிற சோத்துல மண்ணை அள்ளிப் போடுறாளேன்னு எனக்கு வயிறு எரியுது.

“ஏத்தா, நீ எந்தத் தெரு?”ன்னு தனபாக்கியம் கேட்டா.

“இந்த வாசப்படிதான் ஆத்தா. வருசக்கணக்கா.”

“அப்ப உனக்குத்தான முதல் கஷ்டம்!”

“ஆமாத்தா. ஒரு நாளாச்சும் என்னைய நிம்மதியாத் தூங்க விட்டாய்ங்களா?” சொல்லிட்டு என் பக்கம் பாத்தா. ஏன் என்னைப் பாத்தான்னு தெரியல.

அப்புறம் விளக்குமாத்தைத் தூக்கினா. “வெளிய நின்னு கத்தி என்னத்தா ஆகப்போகுது? சரக்கு உள்ளதான இருக்கும்? வாங்க, ரூம் ரூமாத் தேடுவோம். ஒரு பாட்டில் விடக் கூடாது!”

மடை திறந்தாப்புல உள்ள வந்தாங்க. நான் செவரோட செவரா ஒட்டிக்கிட்டேன். மொதல்ல மாடி. படியில நின்ன சலீம் பாயையும் இழுத்துக்கிட்டு அவரு ரூமுக்குள்ள போனாங்க. “எங்கய்யா பாட்டிலு?”ன்னு கேட்டதும் அவரு, பாவம், தாகமா இருக்கு போலன்னு தன் தண்ணி பாட்டிலை எடுத்து நீட்டுறாரு. தனபாக்கியம் மோந்து பாத்தா. குடிச்சுப் பாத்தா. தண்ணி. அடுத்த ரூம்ல ஒருத்தி, “இந்தா இருக்குடி!”ன்னு ஒரு சின்ன பாட்டிலைத் தூக்கினா. மூடியைத் திறந்து ஆளாளுக்கு மூக்கை விட்டாங்க. அம்புட்டுப் பேருக்கும் தும்மல். தலைவலித் தைலம்!

இப்படியே தேடித் தேடி, கீழ இறங்கி ரெண்டாம் நம்பருக்கு வந்தாங்க. மூக்காயி ரூமு. ஆனா அவ அதை முன்னப்பின்னப் பாக்காதவ மாதிரி இடுப்புல கையை வச்சு நிக்கிறா.

“இவ பெரிய குடிகாரியா இருப்பா போலயேத்தா,”ங்கிறா.

“ஏன் அப்படிச் சொல்ற?”

“பாரு. இருந்த சாமானையெல்லாம் வித்துக் குடிச்சிருக்கா. தட்டு இல்ல, டம்ளர் இல்ல, ஒரு சட்டி கிடையாது. கட்டில்ல படுத்த தடங்கூட இல்ல. கதவோரமா ஒரு சாக்கு கிடக்கு. விழுந்த இடத்துலயே கிடப்பா போல.”

தனபாக்கியம் குனிஞ்சு அந்தச் சாக்கை விலக்கிப் பாத்தா. ஒரு சீலை. ஒரு சீப்பு. சீலையை அப்படியே மடிச்சு வச்சா. அப்புறம், “கட்டில் இருக்கிறப்ப எதுக்குக் கதவோரமாப் படுக்கணும்?”னு மெதுவாக் கேட்டா.

“யாராச்சும் எந்திரின்னு சொன்னா சட்டுன்னு எந்திரிச்சுப் போக வேண்டாமா?”

“உனக்கெப்படித் தெரியும்?”

“என் ரூமு. எனக்குத் தெரியாதா?”

கூட்டத்துல ஒரு முறம் கை நழுவிக் கீழ விழுந்துச்சு. தனபாக்கியம் சுத்திப் பாத்தா. மாடிப்படியில மூட்டையோட நிக்கிறவங்களைப் பாத்தா. மேடத்தைப் பாத்தா. கடைசியா மூக்காயிகிட்டக் கேட்டா.

“பால் காய்ச்சுனியா?”

“பாலா? வீட்டுக்குப் போனாத்தானத்தா பால் காய்ச்சுவாங்க?”

“அப்ப இது வீடு இல்லாம என்ன?” தனபாக்கியம் போட்ட சத்தத்துல நானே ஒரு அடி பின்னால போயிட்டேன். “பால் காய்ச்சாம யாராச்சும் குடிவருவாங்களா? ஏண்டி நின்னு பாக்கிறீங்க, ஓடுங்கடி! என் கடையில பெரிய குண்டா இருக்கு!”

அதுக்கப்புறம் நடந்ததை எப்படிச் சொல்ல! விளக்குமாத்தோட வந்தவங்க அதே விளக்குமாத்தால ரூமைக் கூட்டுறாங்க. ஒருத்தி தட்டு கொண்டாறா, ஒருத்தி பாய் கொண்டாறா, ஒருத்தி மாவிலையை ஒடிச்சுக்கிட்டு ஓடி வாறா. கவுண்டர் இருந்த இடத்துல, சரியா என் பெஞ்சு கிடந்த இடத்துல அடுப்பைக் கூட்டி, குண்டாவை ஏத்தி, பால் பொங்கி நாலு பக்கமும் வழியுது. குலவை போடுறாங்க. சலீம் பாய்க்குக் கை பரபரக்குது, “ஏலக்கா போடும்மா, ஏலக்கா போடு”ன்னு அடுப்பைச் சுத்திச் சுத்தி வாராரு. பெனிட்டா மேடம் சிரிக்கிறாங்களா அழுறாங்களான்னு தெரியல, கண்ணாடி பூராப் பால் ஆவி.

இதுக்கு நடுவுல நம்ம பெரியவரு வந்துட்டாரு! குலவைச் சத்தம் கேட்டு, திறப்பு விழா ஒரு நாள் முன்னாடியே ஆரம்பிச்சுருச்சுன்னு நினைச்சு, பத்துப் பதினஞ்சு பேரைக் கூட்டிக்கிட்டு, ஆளுக்கொரு டம்ளரோட, ஒருத்தன் கையில சுண்டல் பொட்டலம் வேற. தனபாக்கியம் ஒண்ணுமே கேக்கல. ஒவ்வொரு டம்ளர்லயும் சுடச்சுடப் பாலை ஊத்தி, “குடி”ன்னா. அந்த மூஞ்சிகளை நீங்க பாக்கணுமே தம்பி! ஒருத்தன் பாதி குடிச்சுட்டு, “இதுவும் நல்லாத்தான் இருக்கு”ன்னு முனகுறான். பெரியவரு மட்டும் குடிச்சு முடிச்சும் போகல. மேடம் பக்கத்துல போயி, “நான் பஸ் ஸ்டாண்டு சைக்கிள் ஸ்டாண்டுலதாம்மா படுக்கிறேன், நெசமாவே ரூமு உண்டா?”ன்னு கேட்டாரு. இப்ப மூணாம் மாடியில இருக்காரு. டீ கொண்டு வந்தாரே, அவருதான்.

எல்லாரும் கிளம்புற நேரம் வந்துச்சு. “நீங்க வீட்டுக்குப் போகலையா அண்ணே? இன்னிக்கு ரொம்பக் களைச்சுட்டீங்க”ன்னாங்க மேடம். “இந்தா கிளம்பிட்டேன்”னு பெட்டியைத் தூக்கினேன். வாசப்படிக்கு வந்தேன். சேலம் பஸ் நிக்கிற இடத்துல ஒரு சிமெண்டு பெஞ்சு இருக்கு, மோசமில்ல, மேல கூரை உண்டு. ஒரு நாளைக்குத்தான, நாளைக்கு யோசிக்கலாம்னு கால எடுத்து வைக்கிறேன், பின்னாடி ‘ணங்’ன்னு சத்தம். மூக்காயி தன் சாவியை மேடம் காலடியில வீசிட்டா.

“எனக்கு வேண்டாம் மேடம்! நான் படிக்கே போறேன்!”

“என்னாச்சு மூக்காயிம்மா?”

“பயமா இருக்கு. இத்தனை வருசமா இந்த மனுசன் குரலைக் கேட்டுத்தான் கண்ணு முழிச்சிருக்கேன். எனக்கு வாசல் தெளிச்ச ஒரே ஆம்பளை இவருதான். இவரு வீட்டுக்குப் போயிட்டா விடியக்காலம் எனக்கு யாரு இருக்கா? இவரு இங்கன இருந்தா நான் இருக்கேன். இல்லேன்னா நானும் போறேன்.”

“மூக்காயி போனா நானும்,”னு சலீம் பாய் மூட்டையத் தூக்கிட்டாரு.

மேடம் என்னைப் பாத்தாங்க. “அண்ணனுக்குத்தான் சொந்தமா வீடு இருக்கே.”

“இருக்கும் மேடம், இல்லேன்னா சொல்றேன்? பெரிய வீடாத்தான் இருக்கும். அம்புட்டு வசதியையும் விட்டுட்டு எங்களுக்காக வான்னு சொல்றது பாவந்தான். ஆனா மேனேஜரு மனசு வச்சா...” சொல்லிக்கிட்டே மூக்காயி என் கால்ல விழ வந்துட்டா. முழங்கால் மடங்காம பாதியில நிக்கிறா. நான்தான் புடிச்சு நிமித்தினேன்.

என்ன பண்ணச் சொல்றீங்க தம்பி? கல்லு மனசா எனக்கு? “சரி, அழாத. உங்களுக்காக இருக்கேன்”னுட்டேன். தனபாக்கியம் முந்தானையால மூக்கைச் சிந்தினா. மேடம் குனிஞ்சுக்கிட்டுத் தோள் குலுங்கக் குலுங்க நின்னாங்க, அழுதிருப்பாங்க. தலகாணி ரூமைத் திறந்து விட்டாங்க. உள்ள போனா, தலகாணியெல்லாம் ஒரு மூலையில அடுக்கியிருக்கு, தரை கூட்டிச் சுத்தமா இருக்கு, சுவத்துல ரெண்டு ஆணி. ஒண்ணுல என் கண்ணாடி தொங்குது. காலையில கவுண்டரைப் பிரிக்கிறப்ப காணாமப் போன கண்ணாடி. எப்படி வந்துச்சோ, ஆணி கூட என் உயரத்துக்குச் சரியா இருந்துச்சு.

ஆக, அவங்களுக்காக என் வீட்டை விட்டுட்டு இங்க வந்து இருக்கேன். இல்லாதவங்களுக்கு நாம இதுகூடச் செய்யலேன்னா எப்படி? மூக்காயி ஒருத்திதான் இன்னும் நன்றி சொல்லல. அதுக்குப் பதிலா மறுநாள் ஒரு காரியம் பண்ணா பாருங்க.

எனக்குக் காது வாசப் பக்கம் இருந்தாத்தான் தூக்கம் வரும், பழக்கம். கட்டில் அது பாட்டுக்குக் கிடக்க, கதவைத் திறந்து வச்சு, நிலைப்படியில தலையை வச்சுக் கீழயே படுத்துட்டேன். நல்ல அசந்த தூக்கம். விடியுற நேரம், தலைமாட்டுல ஒரு குரல்.

“எந்திரிங்க எந்திரிங்க மேனேஜரே. வாசல் தெளிக்கணும்.”

கண்ணைத் திறக்கிறதுக்குள்ள சளார்னு மூஞ்சியில ஒரு வாளித் தண்ணி! பதறியடிச்சு எந்திரிச்சு உக்காந்தேன். “ஏய், என்ன பண்ற நீ?”

“வீடுன்னு ஒண்ணு இருந்தா தெளிக்க வேண்டாமா?”ங்கிறா.

எதுக்கு என் மூஞ்சியில ஊத்தினான்னு இன்னிவரைக்கும் எனக்கு விளங்கல. ஆனா ஒண்ணு, தண்ணி நல்லாக் குளுகுளுன்னுதான் இருந்துச்சு. துண்டால முகத்தைத் துடைச்சுக்கிட்டுப் பாக்கிறேன், வாளியை ஓரமா வச்சுட்டு, சுவத்தைப் புடிச்சு, முழங்காலைத் தடவிக்கிட்டு மெல்ல மெல்லக் குனிஞ்சு, என் ரூம் வாசல்ல புள்ளி வச்சுக் கோலம் போட ஆரம்பிச்சா.